மூன்றரை கிலோ காத்து: தென்னேரியில விண்ட்சர்ஃபிங்

இது போன வார எபிசோடோட எழுத்து வடிவம். பேசும்போது வந்த "ம்ம்", "அதாவது" எல்லாத்தையும் வெட்டியாச்சு. நடுவுல பத்து நிமிஷம் மாமா வீட்டு ஆடு கத்தினதையும் வெட்டியாச்சு. மத்தபடி பேசினது பேசினபடியே இருக்கு.

இன்னைக்கு விஷயம் விண்ட்சர்ஃபிங். "டேய், நீ ஐடி கம்பெனியில டிக்கெட் க்ளோஸ் பண்றவன், உனக்கு எதுக்குடா அது"ன்னு கேக்கறவங்க கொஞ்சம் பொறுங்க. நான் சொல்லப்போறது ஹவாயில ஆளுயர அலைக்கு மேல பறக்கிற விண்ட்சர்ஃபிங் இல்ல. வாலாஜாபாத்துல இருந்து சுங்குவார்சத்திரம் போற வழியில தென்னேரின்னு ஒரு பெரிய ஏரி இருக்கே, அங்க, மரத்துல இலை ஆடுதா ஆடலையான்னு யோசிக்க வைக்கிற காத்துல போற விண்ட்சர்ஃபிங்.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி: ஒரு நீளப் பலகை, அது மேல எந்தப் பக்கம் வேணும்னாலும் சாயற மாதிரி மூட்டு வச்சு மாட்டின ஒரு பாய்மரம், அதுல ஒரு பாய். பாயைக் கையால பிடிச்சுக்கிட்டு பலகை மேல நின்னு போறது. சுக்கான் கிடையாது, மோட்டார் கிடையாது.

தென்னேரி என் அம்மா ஊருக்குப் பக்கம். காஞ்சிபுரம் மாவட்டத்துப் பெரிய ஏரிகள்ல ஒண்ணு. பழைய பெயர் திரையனேரி, தொண்டைமான் இளந்திரையன் பெயரால வந்ததுன்னு சொல்லுவாங்க. சின்ன வயசுல லீவுக்குப் போனா கரை மேல சைக்கிள் ஓட்டலாம், தண்ணியில கால் வைக்கக் கூடாது. அம்மாவோட பெரியப்பா பையன் ஒருத்தர் பதினாறு வயசுல மதகு பக்கம் குளிக்கப் போய்த் திரும்பி வரல. நான் பிறக்கறதுக்கு முன்னாடி நடந்தது. ஆனா இன்னைக்கும் அம்மா முன்னாடி ஏரின்னு சொன்னா முதல்ல அந்த அண்ணன் பெயர்தான் வரும். நான் பலகையைக் கட்டிக்கிட்டு அந்த ஏரிக்குப் போறேன்னு சொன்னப்போ வீட்டுல என்ன நடந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. அதுக்கு அப்புறம் வரேன்.

முதல்ல நான் பண்ண தப்பு. கோவளத்துல ரெண்டு வார இறுதி கத்துக்கிட்டேன். உடனே வீடியோ பார்த்துப் பார்த்து, பழைய சாமான் விக்கிற ஆப்ல ஒரு சின்ன போர்டு வாங்கினேன். 105 லிட்டர். பார்க்க அம்சமா இருந்துச்சு. என் எடை 78 கிலோ. போர்டு, மாஸ்ட், பாய், பூம் எல்லாம் சேர்த்து ஒரு 18 கிலோ. மொத்தம் 96.

இங்க ஆறாம் வகுப்பு அறிவியல் போதும். ஒரு லிட்டர் கொள்ளளவு தண்ணியில அமுங்கினா ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். 105 லிட்டர் போர்டு 105 கிலோவைத் தாங்கும், அதுவும் முழுசா முங்கினா. என்கிட்ட மீதி இருந்தது 9 கிலோ. அதாவது நான் ஏறி நின்னதும் போர்டு தண்ணிக்குள்ள கணுக்கால் அளவு போயிடும். ஒரு பக்கம் லேசா சாஞ்சா நான் உள்ள. அந்த மாதிரி போர்டு வேகமா போகும்போதுதான் மிதக்கும். வேகம் வரணும்னா காத்து வேணும். காத்து இல்லாத இடத்துல அது நீங்க கட்டிப்பிடிச்சு மிதக்கிற ஒரு விலை உயர்ந்த தெர்மாகோல், அவ்வளவுதான். வாங்கின விலைக்குப் பாதியில வித்தேன்.

அப்புறம் கிடைச்சது ஒரு பழைய நீளப் பலகை. 12 அடிக்குக் கொஞ்சம் கம்மி, 200 லிட்டருக்கு மேல. நடுவுல ஒரு டேகர்போர்டு, அதாவது தண்ணிக்குள்ள கத்தி மாதிரி இறங்கி நிக்கிற பலகை, வேண்டாம்னா மடக்கிக்கலாம். வித்தவர் "இது அந்தக் காலத்துது சார், இப்போ யாரும் வாங்கறதில்ல"ன்னு மன்னிப்பு கேக்கிற மாதிரி சொன்னார். அவர் சொன்ன அந்தக் காலம்தான் விஷயமே.

இந்த விளையாட்டு பிறந்ததே லேசான காத்துக்குத்தான். அமெரிக்காவுல பென்சில்வேனியாவைச் சேர்ந்த நியூமன் டார்பி 1964-ல ஒரு பலகையில பாய் வச்சு ஆத்துல ஓட்டினார். அடுத்த வருஷம் ஒரு அறிவியல் பத்திரிகையில வீட்டுலயே செய்யற மாதிரி அதை எழுதினார். காப்புரிமை வாங்கல. அப்புறம் கலிஃபோர்னியாவுல ரெண்டு பேர்: ஜிம் டிரேக், விமானப் பொறியாளர்; ஹாயில் ஷ்வைட்சர், கம்ப்யூட்டர் தொழில்ல இருந்தவர், அலைச்சறுக்கு ஆள். இவங்க 1968-ல விண்ணப்பிச்சு 1970-ல காப்புரிமை வாங்கினாங்க. இங்கிலாந்துல பீட்டர் சில்வர்ஸ் 1958-லயே பையனா இருக்கும்போது இதைச் செஞ்சு ஓட்டினார்னு பின்னாடி ஒரு வழக்குல வெளிய வந்துச்சு, அங்க காப்புரிமை செல்லாம போச்சு. யார் கண்டுபிடிச்சதுங்கிற சண்டைக்கு ஒரு தனி எபிசோடே போடலாம். நமக்கு முக்கியம் இது: அந்த முதல் போர்டு 12 அடி நீளம், டேகர்போர்டோட, ஏரியிலயும் ஆத்துலயும் குடும்பமா போய் ஓட்டற மாதிரி இருந்துச்சு. 1984-ல ஒலிம்பிக்குக்கே போச்சு. பிறகு போர்டு சின்னதாகி, பாய் இறுகி, பலமான காத்து அடிக்கிற கடற்கரைக்கு மட்டும்னு ஆயிடுச்சு. என் கருத்து, அங்கதான் இந்த விளையாட்டு தன்னோட ஆளுங்களை இழந்துச்சு. பெரும்பாலான ஊர்ல பெரும்பாலான நாள் காத்து கம்மிதான்.

எவ்வளவு கம்மி? இங்கதான் எஞ்சினியரிங் டிகிரிக்கு ஒரு வேலை வருது.

காத்து வேகத்தை நாட்ல சொல்லுவாங்க. ஒரு நாட் மணிக்கு 1.85 கிலோமீட்டர். 6 நாட்னா மணிக்கு 11 கிலோமீட்டர், மிதமா சைக்கிள் மிதிக்கும்போது முகத்துல படற காத்து. பாய் மேல வர்ற விசை, காத்து வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். காத்தோட அடர்த்தி, பாயோட பரப்பு எல்லாம் போட்டுப் பாருங்க. 6 சதுர மீட்டர் பாய், 6 நாட் காத்து: சுமாரா 34 நியூட்டன். அதாவது மூன்றரை கிலோ. ஒரு வாரத்துக்கு வாங்கற காய்கறிப் பை. அதே பாய், 12 நாட்: 14 கிலோ. 18 நாட்: 31 கிலோ.

இந்த மூன்றரை கிலோதான் இன்னைக்கு எபிசோடோட ஹீரோ. ஏன்னா வீடியோல பார்க்கிறவங்க எல்லாம் பின்னாடி சாஞ்சு, முதுகு தண்ணியைத் தொடற மாதிரி தொங்கிக்கிட்டுப் போவாங்க. அவங்களைத் தாங்கறது அந்த 31 கிலோ. நானும் முதல் நாள் அதே ஸ்டைல்ல சாஞ்சேன். என் 78 கிலோவை ஒரு காய்கறிப் பை எப்படித் தாங்கும்? பாயும் நானும் சேர்ந்து மல்லாக்க விழுந்தோம். கரையில உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "என்னாத்துக்குப்பா இந்த வேல"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி.

லேசான காத்துல நேரா நிக்கணும். பஸ்ல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி, முட்டி லேசா மடங்கி, எடை கால்லதான் இருக்கணும், கையில இல்ல. மாஸ்ட்டுக்குப் பக்கத்துல, பலகையோட நடுவுல. பின்னாடி நின்னா வால் அமுங்கும், தண்ணியை இழுத்துக்கிட்டுப் போகும். இருக்கிறதே மூன்றரை கிலோ, அதுல பாதியை நாமளே வீணாக்கக் கூடாது. பலகை போன வழியைத் திரும்பிப் பாருங்க. தண்ணி சத்தமில்லாம மூடிக்கிச்சுன்னா நீங்க நிக்கிற இடம் சரி. களகளன்னு நுரை வந்தா முன்னாடி நகருங்க.

அடுத்தது பாயை இழுக்கிறது. வேகம் வரலன்னா கை தானா பாயை உள்ள இழுக்கும், ஆக்ஸிலரேட்டர் மாதிரி நினைச்சு. அது தப்பு. பாய் விமான இறக்கை மாதிரிதான் வேலை செய்யுது. காத்து ரெண்டு பக்கமும் வழுக்கிக்கிட்டு ஓடணும். ரொம்ப உள்ள இழுத்தா பின்பக்கம் காத்து பிய்ஞ்சு போயிடும், பாய் வெறும் தட்டியா நிக்கும். வெளிய விடுங்க, பாயோட முன் ஓரம் லேசா படபடக்கிற வரைக்கும். அப்புறம் படபடப்பு நிக்கிற அளவுக்கு மட்டும் உள்ள இழுங்க. அங்கதான் நிக்கணும். இதைக் கத்துக்க எனக்கு மூணு மாசம் ஆச்சு, ஏன்னா மனசு ஒத்துக்கல.

சுக்கான் இல்லாம எப்படித் திரும்புது? ஒரு கதவை நினைச்சுக்கோங்க. டேகர்போர்டுதான் கீல். பாய் கீலுக்கு முன்னாடி தள்ளினா பலகையோட மூக்கு காத்தை விட்டு விலகும். பின்னாடி தள்ளினா மூக்கு காத்தைப் பார்த்துத் திரும்பும். அதனால மாஸ்ட்டை முன்னாடி சாய்ச்சா ஒரு பக்கம், பின்னாடி சாய்ச்சா மறு பக்கம். அவ்வளவுதான் ஸ்டியரிங்.

காத்துக்கு நேர் எதிர்ல மட்டும் போக முடியாது. சுமார் 45, 50 டிகிரி விலகி, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்னு வளைஞ்சு வளைஞ்சுதான் ஏறணும். மலைப்பாதை மாதிரி. டேகர்போர்டு முழுசா கீழ இருக்கணும், இல்லன்னா பலகை பக்கவாட்டுல நழுவிடும். சின்ன போர்டுல டேகர்போர்டே கிடையாது. லேசான காத்துல அதுங்க எதிர்ல ஏறவே ஏறாது, நீங்க கரையோரமா தூக்கிக்கிட்டு நடந்துதான் வரணும்.

இப்போ வேகம். ஒரு பலகை தண்ணியைத் தள்ளிக்கிட்டுப் போகும்போது மூக்குல ஒரு அலை உண்டாகும். வேகம் கூடக் கூட அந்த அலை நீளும். அலையோட நீளம் பலகையோட நீளத்துக்கு வந்ததும், பலகை தன்னோட அலைக்குள்ளயே மாட்டிக்கும். அதுக்கு மேல போக அந்த அலை மேல ஏறணும், அதுக்கு பலம் வேணும். 12 அடிப் பலகைக்கு இந்த எல்லை சுமார் 4.6 நாட், மணிக்கு எட்டரை கிலோமீட்டர். காஞ்சிபுரம் காந்தி ரோட்டுல முகூர்த்த நாள்ல போற ஷேர் ஆட்டோ. நீளம் கம்மின்னா எல்லையும் கம்மி. அதனாலதான் லேசான காத்துல நீளமான போர்டு ஜெயிக்குது. 10, 12 நாட் வந்தாத்தான் பலகை எழும்பி வழுக்கும். அது வேற உலகம், வேற எபிசோட்.

"அப்போ காத்து கம்மியா இருந்தா போட்டியில என்ன பண்ணுவாங்க?"ன்னு ஒரு நேயர் கேட்டிருந்தார். பம்ப் பண்ணுவாங்க. பாயை விசிறி மாதிரி வேகமா இழுத்து விட்டு, இழுத்து விட்டு, காத்தை அவங்களே உண்டாக்குவாங்க. மத்த பாய்மரப் படகுகள்ல இதுக்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. விண்ட்சர்ஃபிங்கோட விதிகள்ல மட்டும் ஆட்டக்காரர் தன் உடம்பால செய்யற இந்த மாதிரி அசைவு அனுமதி. 2008-ல இருந்து டோக்கியோ வரைக்கும் ஒலிம்பிக்ல இருந்த ஆர்எஸ்எக்ஸ் போர்டுல, காத்து கம்மியான ரேஸ் முடிச்சு வர்றவங்களைப் பார்த்தா துடுப்புப் போட்டி முடிச்சு வந்த மாதிரி இருக்கும். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுல அதே ஆர்எஸ்எக்ஸ்ல நம்ம ஈபாத் அலி வெண்கலம் வாங்கினார். இந்தியாவுல இப்படி ஒரு விளையாட்டு இருக்குன்னு எனக்கே அன்னைக்குத்தான் உறைச்சது. அதே போட்டியில நேஹா தாக்கூர் சிறுமியர் படகுப் பிரிவுல வெள்ளி. விவசாயி மகள், கடலே இல்லாத மத்தியப் பிரதேசத்துப் பொண்ணு. பயிற்சி எங்க? போபால் பெரிய ஏரியில. அது போஜ ராஜா 11-ஆம் நூற்றாண்டுல கரை கட்டி உண்டாக்கினதுன்னு சொல்ற ஏரி. ஹைதராபாத்துல வருஷா வருஷம் தேசிய அளவுப் படகுப் போட்டி நடக்கிற உசேன் சாகரும் 16-ஆம் நூற்றாண்டுல வெட்டின ஏரிதான். நடுவுல நின்னா நாலு பக்கமும் இருந்து மாறி மாறி லேசா அடிக்கிற காத்து.

நமக்கு மட்டும் ஏரின்னா ஏன் பயம், இல்லன்னா பிளாட்? சென்னையில 1911-ல இருந்து படகு கிளப் இருக்கு, ஹார்பர்ல. ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பாய்மரப் பெண் நேத்ரா குமணன் சென்னைக்காரங்க. திறமைக்குக் குறைவில்ல. சரி, விடுங்க, திரும்ப ஏரிக்கு வரேன்.

தென்னேரியோட சிக்கல் இது. ஆடி மாசம் மேற்கத்திக் காத்து அடிக்கும், அம்மி பறக்கும்னு பழமொழியே இருக்கு. ஆனா அப்போ ஏரியில தண்ணி இருக்காது, ஆடு மேயும். ஐப்பசி, கார்த்திகை மழையில ஏரி நிரம்பும். தை, மாசியில தண்ணி தளும்பும். அப்போ காத்து? வடகிழக்கு, கிழக்குன்னு லேசா வரும். விடிகாலையில ஒண்ணுமே இருக்காது, பனிதான். பத்து மணிக்கு மேல மெதுவா எழும்பும். கடல் இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர், கடல் காத்து உள்ள வந்து சேர சாயங்காலம் ஆகும், வர்றப்போ களைச்சுப் போய்த்தான் வரும். அதுக்கு மேல நவரைக்குத் தண்ணி திறந்துவிட ஆரம்பிச்சா வாரத்துக்கு வாரம் மட்டம் இறங்கும். ஆக, காத்து இருக்கும்போது தண்ணி இல்ல, தண்ணி இருக்கும்போது காத்து இல்ல. மூன்றரை கிலோவை வச்சு வாழக் கத்துக்கறதைத் தவிர எனக்கு வேற வழி கிடையாது.

கடலோரத்துல ஒவ்வொரு காத்துக்கும் பெயர் வச்சிருக்காங்க: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். இங்க மாமாகிட்ட கேட்டேன், "ஏரி மேல அடிக்கிற காத்துக்கு என்ன பேரு மாமா?" "காத்துக்குக் காத்துதான்டா பேரு. வெயில் நேரத்துல வந்தா நல்ல காத்து."

சரி, அன்னைக்கு நடந்தது. ஒரு தை மாச ஞாயிறு. அம்மாகிட்ட சொல்லாம மாமாகிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனேன். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன், மதகுல இருந்து ரொம்பத் தள்ளித்தான் இறங்கினேன். கலங்கல் பக்கமும் போகல. அதுவரைக்கும் புத்திசாலி.

நான் இறங்கின இடத்துல காத்து எனக்குப் பின்னாடி, கரையைத் தாண்டி வந்துச்சு. கரையும், அது மேல நிக்கிற பனை மரமும் சேர்ந்து காத்தை மறைக்கும். அந்த மறைப்பு மர உயரத்துக்குப் பத்து, பதினஞ்சு மடங்கு தூரம் தண்ணி மேல நீளும். அதனால கரையோரம் காத்தே இல்ல, தண்ணி கண்ணாடி. நான் ஏமாந்தேன். தள்ளித் தள்ளி உள்ள போனப்புறம், தண்ணி மேல கறுப்பா ஒரு திட்டு நகர்ந்து வந்துச்சு. காத்து தொட்ட இடத்துல சின்னச் சின்ன சுருக்கம் விழுந்து தண்ணி கறுத்துத் தெரியும். லேசான காத்துல ஓட்டறதே அந்தத் திட்டைத் தேடிப் போறதுதான். புடிச்சேன். போச்சு பாருங்க, சத்தமே இல்லாம. கொக்கு ஒண்ணு பக்கத்துலயே பறந்து வந்துச்சு. அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் மத்த எல்லாம்.

ஆனா நான் காத்தோட போய்க்கிட்டிருந்தேன். காத்தோட போகும்போது முகத்துல காத்தே தெரியாது, ஏன்னா நீங்களும் அதே திசையில போறீங்க. காத்து குறைஞ்சாலும் உறைக்காது. ஒரு கிலோமீட்டர் போயிட்டேன். திரும்பினப்போ மணி அஞ்சு பத்து. நல்ல காத்துல எதிர்ல ஏறினாக்கூட, வளைஞ்சு வளைஞ்சு வர்றதால கரைப்பக்கம் நெருங்கற வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர்தான். காத்து பாதியானா மணிக்கு ஒண்ணே கால். கணக்குப் போட்டேன்: ஒரு கிலோமீட்டருக்கு அம்பது நிமிஷம். தை மாசம் ஆறு மணிக்கு சூரியன் போயிடும். கணக்கு சரிதான். போட்ட நேரம்தான் தப்பு. அதைக் கரையிலயே போட்டிருக்கணும்.

அஞ்சரைக்குக் காத்து சுத்தமா நின்னுச்சு. ஏரியோட அந்தப் பக்கம் ஆழம் கம்மி. தண்ணிக்குள்ள கருவேல மரம், பாதி முங்கினது, வெட்டின அடிக்கட்டை எல்லாம் இருக்கு. ஃபின் எதுலயோ மாட்டிக்கிச்சு. இழுத்தேன். கிழியற மாதிரி ஒரு சத்தம். மீன் வலை.

இந்த மாதிரி நேரத்துல செய்ய வேண்டியது ஒண்ணுதான்: போர்டை விட்டு இறங்கி நீந்தக் கூடாது. போர்டு மிதக்கும், நீங்க களைச்சுப் போவீங்க. பாயை மாஸ்ட்டோட சுருட்டி, போர்டு மேல நீளவாட்டுல வச்சு, குப்புறப் படுத்து, கையால தள்ளிக்கிட்டு வரணும். கோவளத்துல முதல் நாளே சொல்லிக்கொடுத்தாங்க, "இது எனக்கு எதுக்கு"ன்னு பாதி கவனத்துல கேட்டேன். வலையில மாட்டின ஃபின்னை விடுவிக்கவே கால் மணி நேரம் ஆச்சு. இருட்டிக்கிட்டு வருது. மதகுல போன அந்த அண்ணன் நினைப்பு வந்துச்சு. அம்மாவுக்குத் தெரியாதேங்கிற நினைப்பும் சேர்ந்து வந்துச்சு.

தெர்மாகோல் தெப்பத்துல ஒருத்தர் வந்தார். அறுபது வயசு இருக்கும். அவர் முதல்ல கேட்டது என்னைப் பத்தி இல்ல. "வலைய இழுத்தியா?" இழுத்தேன் ஐயான்னேன். ஒண்ணும் பேசல. என் கயித்தைத் தன் தெப்பத்துல கட்டினார், கரை வரைக்கும் ரெண்டு பேரும் தள்ளிக்கிட்டு வந்தோம். கரையில மாமா டார்ச்சோட நின்னுக்கிட்டிருந்தார். அங்கதான் அவர் வாயைத் திறந்தார்: "தம்பி, நீ விளையாட வந்த. நான் குத்தகை கட்டிட்டு வந்திருக்கேன். காத்து சாஞ்சா எங்க போவும்னுகூட தெரியாம ஏரியில எறங்கலாமா?" மாமா தலை குனிஞ்சார். எனக்கு அதுதான் வலிச்சது. வலைக்குப் பணம் கொடுத்தேன், வாங்கிக்கிட்டார். பணம் பிரச்சினையே இல்ல. மறுநாள் வலை போட வலை இல்லங்கிறதுதான் அவர் பிரச்சினை.

அம்மாவுக்கு அன்னைக்கு ராத்திரியே தெரிஞ்சு போச்சு. ரெண்டு வாரம் பேசல.

அதுக்கப்புறம் நான் இதை ஒழுங்காப் பண்ண ஆரம்பிச்சேன். ஏரி நீர்வளத்துறை கையில, தண்ணி ஆயக்கட்டு விவசாயிங்களோடது, மீன் குத்தகைக்காரரோடது. இந்தப் பக்கத்துல உத்திரமேரூர்க் கோயில் சுவர்ல முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கில்ல, குடவோலை முறைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அதுல ஏரி வாரியம்னே ஒரு குழு உண்டு. 10-ஆம் நூற்றாண்டுலயே ஏரியைப் பார்த்துக்க ஆறு பேர் தேர்ந்தெடுத்தாங்க, 360 நாள் பதவி. ஏரிக்கு எப்பவுமே கேக்க ஆள் உண்டு. நான் மட்டும் யாரையும் கேக்காம கார் மேல பலகையைக் கட்டிக்கிட்டு வந்துட்டேன்.

கேட்டேன். மாமா கூட்டிக்கிட்டுப் போய்ப் பேச வச்சார். விவசாயிங்க சங்கத்துல ஒருத்தர், "எஞ்சின் கிடையாதே? எண்ணெய் விழாதே?"ன்னு ரெண்டு தடவை கேட்டுக்கிட்டார். தெப்பக்காரர் எங்க வலை இருக்கும், எங்க அடிக்கட்டை இருக்கும்னு கரையில குச்சியால படம் வரைஞ்சு காட்டினார். அதை ஃபோன்ல படம் எடுத்து வச்சிருக்கேன், எந்த மேப் ஆப்லயும் அது கிடையாது. பறவைங்க கூட்டமா உட்கார்ற மூலைக்குப் போறதில்லன்னு நானா முடிவு பண்ணேன். அதுங்களும் தண்ணிக்காக அதே மாசத்துலதான் வருதுங்க.

ஓட்டறதுலயும் மாத்தினேன். முதல்ல காத்துக்கு எதிர்ல போற மாதிரி இறங்கற இடத்தை மாத்திக்கிட்டேன். களைச்சுப்போய்த் திரும்பும்போது காத்து என்னைக் கொண்டு வந்து விடும். நாலரைக்கு மேல தண்ணியில இருக்கறதில்ல. நேரா நிக்கிற ஃபின்னைக் கழட்டிட்டு, பின்னாடி நல்லா சாஞ்ச பாசி ஃபின் போட்டிருக்கேன். பாசியும் வலைக் கயிறும் வழுக்கிக்கிட்டுப் போயிடும். ஃபோன் தண்ணி புகாத பையில, விசில் கழுத்துல. கரையில ஒரு ஆள் இல்லாம இறங்கறதில்ல.

கடைசியா நேயர்கள் அதிகமா கேட்ட ஒண்ணு: ஃபாயில். பலகைக்குக் கீழ ஒரு மீட்டர் கம்பம், அதுக்கு அடியில சின்ன இறக்கை, வேகம் வந்ததும் பலகை தண்ணியை விட்டு மேல எழும்பிடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல விண்ட்சர்ஃபிங் முழுக்க அதுதான். ஆண்கள் 9 சதுர மீட்டர் பாய் வச்சிருந்தாங்க. லேசான காத்துக்கு அதுதான் பதில்னு எல்லாரும் சொல்றாங்க. ஓரளவு உண்மை. ஆனா அதே ஒலிம்பிக்ல மார்சேல்ல காத்து இல்லாம ரேஸ் தள்ளிப் போச்சு. அப்புறம், ஒரு மீட்டர் கம்பத்தைத் தொங்கவிட்டுக்கிட்டு கருவேல அடிக்கட்டை இருக்கிற ஏரியில பறக்கிறதை யோசிச்சுப் பாருங்க. முன்பக்கமா வீசி எறியும். தென்னேரிக்கு என் பழைய 12 அடிதான்.

போர்டு இப்போ மாமா வீட்டு மாடியில, தார்ப்பாய் போட்டு மூடியிருக்கு. தெப்பக்காரர் பேரன் ஏழாவது படிக்கிறான், ரெண்டு தடவை பாயைத் தூக்கி நின்னான். என்னைவிட சீக்கிரம் கத்துக்கறான், எடை 35 கிலோதானே, மூன்றரை கிலோ காத்து அவனுக்குத் தாராளம். அவனுக்கு லைஃப் ஜாக்கெட் சின்ன சைஸ் வாங்கணும். போன மாசம் அம்மா முதல் தடவையா கரை வரைக்கும் வந்தாங்க. நான் திரும்பி வர்ற வரைக்கும் உட்காரல, நின்னுக்கிட்டே இருந்தாங்க. நாலு இருபதுக்குக் கரை சேர்ந்தேன். "நாலரைன்னுதானே சொன்ன"ன்னாங்க.